ஐந்தாம் அத்தியாயத்து வீடு

அசிபா முனைவர் பட்டம் வாங்கியபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. இஸ்ஸிக்குல் ஏரியின் தென்கரையில், தோரு-ஜார் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். காரகோல் நகரத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்தாள். கரையோர ஊர்கள் சுற்றுலாவால் பிழைக்கவும் வேண்டும், கரை பாழாகாமலும் இருக்க வேண்டும். அதற்கு என்ன வழி? பதினாறு வருடமாக அவள் மனசில் இருந்தது இந்த ஒரு கேள்விதான். வடகரையில் விடுதிகள் எழும்பிய பிறகு, உள்ளூர்க்காரன் தண்ணீரில் கால் நனைக்க வேலியைச் சுற்றிக்கொண்டு போவதை அவள் பார்த்திருந்தாள். தென்கரைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள்.

அவள் வீடு வீடாகப் போய்ப் பேசியதால்தான் தோரு-ஜாரில் ஏழு குடும்பங்கள் வெளியூர் விருந்தினருக்கு அறை ஒதுக்கின. முதலில் சம்மதித்தவர் அவளுடைய பெரியப்பா மகன் சத்தார். ஏரியில் மீன் பிடிப்பவர். அவர் மனைவி புருல், புகுந்த வீட்டாரைப் பேர் சொல்லிக் கூப்பிடாத வழக்கப்படி, அசிபாவுக்குப் 'பேனாக்காரி' என்று பட்டம் கட்டியிருந்தாள்.

“வந்துட்டியா பேனாக்காரி? இன்னிக்கு எதை எண்ணப் போறே, என் ரொட்டியையா, என் முகத்துச் சுருக்கத்தையா?”

“ரெண்டும் எண்ணி முடிச்சாச்சு அண்ணி. இப்ப மீனுக்கு வந்திருக்கேன்.”

“மீனைப் பத்தி உங்க அண்ணனைக் கேளு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசுறதுக்குள்ள மீன்கிட்ட பத்து வார்த்தை பேசிடுவாரு.”

ஏரியில் வலை வீசத் தடை இருந்தது. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் வீசினார்கள். சத்தார் விடிந்ததும் விருந்தினர்களைப் படகில் கூட்டிப்போய், அவர்களையே வலை இழுக்க வைப்பார். சின்ன மீன்களைத் திரும்பத் தண்ணீரில் விடச் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் புருல் மீனை வாதுமைக் கட்டைப் புகையில் வாட்டிப் பரிமாறுவாள். ஒரு ஜெர்மன் தம்பதி மூன்று கோடையும் தொடர்ந்து அந்த வீட்டுக்கே வந்தார்கள். தான் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அசிபாவுக்குத் தோன்றியது. ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் அந்த வீட்டைப் பற்றியே எழுதினாள்.

பேர்களை மறைத்தாள். ஊரின் பேரையும் போடவில்லை. ஆனால் உடைந்த படகுத்துறைக்குப் பக்கத்தில், நீலக் கதவு வைத்த நாலு அறை வீடு என்று எழுதினாள். படிக்கிறவர்கள் கண்ணில் அந்த வீடு அப்படியே தெரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று அந்த அத்தியாயத்தைச் சிறு புத்தகமாகப் போட்டது. ஜூன் மாதம் மீன்துறை ஆட்கள் யாரையும் வழி கேட்காமல் நேராக நீலக் கதவுக்கு வந்தார்கள். வலைகளும் படகும் போயின. மீன் வாட்டும் புகைக்கூண்டைப் பிரித்துப் போட்டார்கள். விருந்தினரை வைத்துக்கொள்ளும் அனுமதியும் ரத்தானது. வந்தவர்களில் ஒருவன் அந்தப் புத்தகத்தைப் புருலிடம் நீட்டி, “உங்க வீட்டைப் பத்தி எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க, பாத்தீங்களா?” என்று கேட்டானாம்.

அசிபா தன் வழிகாட்டியான மெலிஸ் பேராசிரியரிடம் ஓடினாள்.

“சார், அஞ்சாவது அத்தியாயத்தை எடுத்துடறேன்.”

“எடுத்தா மிச்சம் என்னம்மா இருக்கு? நாலு அட்டவணை. அதுக்கு யார் பட்டம் கொடுப்பா? நீ எடுக்கறதால அந்தப் படகு திரும்பி வந்துடுமா?”

படகு வராதுதான். அந்தப் பதில் தனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அசிபாவுக்கு அப்போதே தெரியும். அத்தியாயத்தை அவள் எடுக்கவில்லை.

செப்டம்பரில் சத்தார் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினார். போகிற வழியில் காரகோலுக்கு வந்து, ஒரு பை உலர்ந்த சர்க்கரை பாதாமியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

“எதுக்கு இப்படி முழிக்கறே? ரெண்டே வருஷம், ஓடிப்போயிடும். உன் அண்ணி கோவமா இருக்கா, கண்டுக்காதே. நீ படிப்பை முடி.”

நவம்பரில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர்கள் எல்லாரும் ஐந்தாம் அத்தியாயத்தையே பாராட்டினார்கள். ஓர் ஆய்விதழ் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டது. பிப்ரவரியில், ரஷ்யாவில் சுர்குத் நகரத்துத் தொழிலாளர் விடுதியில், சத்தார் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். வயது நாற்பத்தாறு.

தோரு-ஜாரில் அவர் வீட்டு முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டிருந்தார்கள். வெளியே ஆண்கள் ஊர் வழக்கப்படி தடியை ஊன்றிக் குனிந்து அழுதுகொண்டிருந்தார்கள். அசிபா ஓலமிட்டபடி உள்ளே போனாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த புருல், அவள் குரல் கேட்டதும் நிறுத்தினாள். கட்டிப்பிடித்த அசிபாவின் முதுகில் அவள் கை படவே இல்லை.

மூன்றாம் நாள் இருவரும் பெரிய கொப்பரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணி, என்னைத் திட்டிடுங்க.”

“என்னத்தைத் திட்ட? நீ எழுதினதுல ஒரு பொய்யும் இல்லையே. என் மக படிச்சுக் காட்டினா. கதவு நீலம்தான். மீனை நான் அப்படித்தான் வாட்டுவேன். அவரு சிரிக்கறதைக்கூட எழுதியிருக்கே.” புருல் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “ஒரே ஒரு பொய் எழுதியிருக்கக் கூடாதா? கதவு பச்சைன்னு போட்டிருந்தா உன் படிப்பு கெட்டுப்போயிருக்குமா, பேனாக்காரி?”

அசிபா இன்னொரு பிடி சாம்பலை எடுத்துக் கொப்பரையில் போட்டாள்.

காரகோலுக்குத் திரும்பியதும், அந்த ஆய்விதழுக்குக் கட்டுரையை நீக்கச் சொல்லி எழுதினாள். தகவலில் பிழை இருந்தால் மட்டுமே நீக்க முடியும் என்று பணிவாகப் பதில் வந்தது. பதவி உயர்வு கிடைத்தது. இப்போது சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை பற்றிப் பாடம் நடத்துகிறாள். யாரையும் பேட்டி எடுப்பதில்லை.

புருல் வீட்டை விற்றுவிட்டு, பிஷ்கெக்கில் மகளோடு இருக்கிறாள். அசிபா வருடம் இரண்டு முறை போய்ப் பார்க்கிறாள். புருல் தேநீர் ஊற்றுவாள், ரொட்டியைப் பிய்த்து வைப்பாள். ஒருமுறை பேரனுக்குப் பல் முளைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கைக்குட்டை எடுக்க அசிபா, முன்பு நோட்டும் பேனாவும் கொண்டுவந்த அதே பையைத் திறந்தாள். புருல் பாதியில் நிறுத்திவிட்டாள். பையை மூடுகிறவரை அவள் கண் அதைவிட்டு அகலவில்லை.

அடுத்த முறையிலிருந்து அசிபா பையை வெளியே செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போகிறாள். அப்படியும் புருல், மழையையும் குளிரையும் தாண்டி எதுவும் பேசுவதில்லை.