அப்பாவுக்க அடியந்திரம்

கருங்கல் என்கிற இந்த ஊரில் காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “காப்பி குடிச்சியா?” என்பதுதான். பக்கத்துத் தையல் கடை ரோஸ்லெட் அக்கா கேட்பார். வந்த புதிதில் நான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: இல்லை அக்கா, நான் காப்பி குடிப்பதில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தவர், ஒரு காலையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கணவரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டார். மலேசியாவிலிருந்து கடல் கடந்து கூட்டிவந்த பெண்ணைப் பட்டினியாகக் கடைக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம் என்று. இங்கே காப்பி குடி என்றால் காலைச் சாப்பாடு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தவறு என் பக்கம் மட்டும் இல்லை. நம் கிள்ளானில் கேட்கிற மாதிரி நான் அவரிடம் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. பசியோடு வந்து நிற்கிறவள் மாதிரியா இருக்கிறேன் என்று பிறகு மற்றவர்களிடம் விசாரித்தாராம். இரண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொண்டோம்.

தமிழ்நாட்டுக்குத்தானே போகிறாய், மொழி தெரியும், சாப்பாடு தெரியும், உனக்கென்ன என்று சொல்லித்தான் கிள்ளானில் நீங்கள் எல்லாரும் என்னை விமானம் ஏற்றினீர்கள். லண்டனுக்கும் மெல்பர்னுக்கும் போனவர்களுக்காகக் கவலைப்பட்ட அளவுக்கு யாரும் எனக்காகக் கவலைப்படவில்லை. எனக்குக்கூட அந்தத் தைரியம் இருந்தது. தெரியாத மொழியில் தப்பு செய்தால் வெளியூர்க்காரி என்று விட்டுவிடுவார்கள். தெரிந்த மொழியில் தப்பு செய்கிறவளை அப்படி விடமாட்டார்கள் என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

என் கணவர் ஜெபசிங் போர்ட் கிள்ளானில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். எங்கள் சபையின் பாடகர் குழுவில் சேர்ந்தார், என்னையும் சேர்த்துக்கொண்டார். இங்கே அவருடைய அப்பா இறந்தபின் மாமி தனியாகிவிட்டார். மாமியைக் கிள்ளானுக்கு அழைத்தோம். பக்கத்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அப்பால் ஒரு ஊருக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே நாங்கள் வந்தோம். வரும்போதே எங்களுக்குள் ஒரு பேச்சு: நான் ஒரு கடை போட்டுப் பார்ப்பது, கடை நின்றால் இங்கே இருப்பது, நிற்காவிட்டால் திரும்பிப் போய்விடுவது. கிள்ளானில் என் அப்பாவுக்கும் இந்தப் பேச்சு தெரியும். என் அறையை அப்படியே பூட்டி வைத்திருந்தார்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கடையில் பெயர் போட்ட பரிசுப்பொருட்கள் செய்துகொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வாசலில் கொடுக்கும் பொருளை நாம் டோர் கிஃப்ட் என்போம் அல்லவா, அதே பெயரைப் பெரிதாக எழுதி இங்கும் பலகை மாட்டினேன். முதல் வாரம் ஒருவர் அளவு நாடாவோடு வந்து, “பிலாத்தடியில கதவு செய்து தருவியளா?” என்று கேட்டார். பலா மரத்தில் கதவு. இன்னொருவர் கீல் இருக்கிறதா என்று கேட்டார். பலகையைக் கழற்றி, இங்கே எல்லாருக்கும் தெரிந்த ரிட்டன் கிஃப்ட் என்பதை எழுதி மாட்டினேன்.

வாடிக்கையாளர்களின் மனசும் வேறு. கிள்ளானில் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்குச் சாவி வடிவத்தில் பெயரை வெட்டிக் கொடுத்தால் குதிப்பார்கள். இங்கே சாவி கொடுத்தால் பூட்டு எங்கே என்பார்கள். கோப்பையில் மணமக்கள் பெயரை மட்டும் அழகாக எழுதிக் கொடுத்தேன், திரும்பி வந்தது. பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட். எங்கே என்று பெண்ணின் அம்மா கேட்டார். மாப்பிள்ளையின் படிப்போடு அவர் வேலை பார்க்கும் குவைத்தையும் சேர்க்கச் சொன்னார்கள். கோப்பையில் பிடியைத் தவிர மற்ற இடமெல்லாம் எழுத்து. இதெல்லாம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீலகண்டன் சார் வந்தார்.

அவர் சுசீந்திரத்துக்காரர். எங்கள் கடைக்கு எதிரே உள்ள வங்கியில் வேலை. அதுவரை எனக்கு வந்ததெல்லாம் மாமியின் சபை ஆட்கள், ரோஸ்லெட் அக்காவின் சொந்தக்காரர்கள் என்று தயவுக்கு வந்த வேலைகள்தான். யாரென்றே தெரியாத ஒருவர் தேடி வந்து பெரிய அளவில் பரிசு கேட்டது அதுவே முதல்முறை. கடை நிற்குமா நிற்காதா என்பதற்கு ஒரு பதில் அவர் உருவத்தில் வந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவர் சொன்னது இவ்வளவுதான்: “அப்பாவுக்க அடியந்திரம் வருது. வாறவங்களுக்குக் கொடுக்க, அப்பாவுக்க படம் போட்டு ஒரு சாதனம் செய்து தரணும்.”

அடியந்திரம் என்ற சொல் எனக்குத் தெரியும். நான் வந்த முதல் மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்து, பதினாறாம் நாள் மாமி என்னிடம், அடியந்திரத்துக்குப் போகணும், நிறம் குறைந்த சேலையாகக் கட்டு என்று சொல்லியிருந்தார். அதனால் நான் குரலைத் தணித்துக்கொண்டு, அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டேன். எண்பது என்றார். எல்லாருக்கும் வருகிறதுதானே சார் என்று ஆறுதலாகச் சொன்னேன்.

“எல்லாருக்கும் கிட்டாதும்மா. அதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்” என்றார்.

நல்ல சாவைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவைப் பற்றி இவ்வளவு தெளிவோடு பேசுகிற மகனைப் பார்த்து எனக்குக் கண்கூடக் கலங்கியது. அவர் கொடுத்ததும் சிரிக்காத, நேராகப் பார்க்கிற பழைய படம். வாசகம் என்ன போடட்டும் என்றதற்கு, உங்களுக்குத் தெரியாததா, நல்லதாக நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வங்கிக்கு ஓடினார்.

மேசையில் நிற்கவைக்கிற மாதிரி சின்ன மரப்பலகை, அதில் லேசரில் சுட்டெடுத்த முகம், பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு, அதன் சுடர். கீழே ‘நீங்கா நினைவில் எங்கள் அப்பா’. ஜெபசிங் பார்த்தார், மாமி பார்த்தார். இரண்டு பேருமே நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்களுக்கும் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். மாமி ஒரு பலகையைக் கையில் எடுத்து, பாவம், நல்ல மனுஷனாக இருந்திருப்பார் என்றுகூடச் சொன்னார்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வேலை முடிந்துவிட்டது. நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் மரியாதையாக இருக்கும் என்று ஒரு வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனோம். நெல்வயல்களுக்கு நடுவே சாலை, தூரத்தில் கோபுரம். வீட்டு வாசலில் குலைவாழை கட்டியிருந்தார்கள், முற்றம் நிறையக் கோலம். துக்கத்தைக்கூட இந்தப் பக்கத்தில் எவ்வளவு சிறப்பாக நடத்துகிறார்கள் என்று ஜெபசிங்கிடம் சொன்னேன். பந்தல் கட்டுகிறவர்களிடம் கயிற்றை இறுக்கச் சொல்லி ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். இரண்டு நாளாக நான் பலகை பலகையாகச் சுட்டெடுத்த முகம். நெற்றி ஓரத்து மறு உட்பட அதே முகம். ஜெபசிங் “ஏசுவே” என்றார்.

படம் வந்துவிட்டதா, பார்ப்போம் என்று அவரே பெட்டியைப் பிரித்தார். நான் கையை நீட்டுவதற்குள் ஒன்றை எடுத்துவிட்டார். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். நீங்கா என்றபோது பந்தல்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். எங்கள் அப்பா என்று முடித்ததும் தன் நெற்றி மறுவைத் தொட்டுப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் பயந்துவிட்டார். என்னைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

“ஏட்டி மக்களே, நான் இருக்கேன்லா?”

உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தார். எண்பது நிறைந்ததற்காக அந்த அம்மாவின் கழுத்தில் அவர் மறுபடியும் தாலி கட்டப்போகிற விசேஷம் அது. பலகையில் உள்ள விளக்கைப் பார்த்ததும் அவருக்கு எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. இதை முதலில் படிக்கு வெளியே கொண்டுபோ என்று மட்டும் சொன்னார். அடியந்திரம் என்றுதானே சார் சொன்னீர்கள் என்று நான் நீலகண்டன் சாரிடம் கேட்டேன். அடியந்திரம் என்றுதானே சொன்னேன் என்று அவர் என்னிடம் கேட்டார். அவர்களுடைய நாஞ்சில் நாட்டில் கல்யாணம், காதுகுத்து, எண்பது எல்லாமே அடியந்திரம்தான். சாவும் அதில் ஒன்று, அவ்வளவே. முப்பது கிலோமீட்டர் மேற்கே, எங்கள் கருங்கலுக்கு வந்ததும் அந்தச் சொல்லில் சாவு மட்டும் மிஞ்சிவிட்டது.

வேண்டாம், நாகர்கோவிலில் எவர்சில்வர் கிண்ணம் வாங்கிக்கொள்கிறோம் என்றார் மகன். அது நியாயம்தான். பெட்டிகளைத் திரும்ப ஏற்றினோம். கடை போயிற்று என்பதை ஒத்துக்கொண்டுதான் ஏறி உட்கார்ந்தேன். ஆனால் அதைவிட அந்தக் கெஞ்சிய குரல்தான் என்னை அழவைத்தது. வண்டி கிளம்பும்போது பெரியவர் பந்தலில் இருந்தபடியே நிறுத்தச் சொன்னார்.

“கிண்ணமெல்லாம் வேண்டாம். அவளே செய்யட்டு. நான் சொன்னதையே அதுல எழுதட்டு.”

என்ன சொன்னீர்கள் அப்பா என்று மகன் கேட்டார். “இருக்கேன்னு” என்றார்.

அந்த ‘இருக்கேன்லா’வில் வரும் லாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஜெபசிங் கிள்ளானில் ‘தெரியும்லா’, ‘வந்தேன்லா’ என்று பேசும்போது, நம் ஊர் லா நன்றாகப் பிடித்துவிட்டது என்று நாம் எல்லாரும் மெச்சினோம். இங்கே வந்து பார்த்தால் ஊரே லா போட்டுத்தான் பேசுகிறது. மலாய்க்காரர்களும் சீனர்களும் நமக்குக் கொடுத்த லா வேறு. ‘அல்லவா’ தேய்ந்து வந்த இந்த லா வேறு. முதலாவது பேச்சை முடித்துவைக்கும். இது, ஆமாம் என்று சொல்லேன் என்று எதிராளியின் முகத்தைப் பார்க்கும்.

நேரம் இல்லாததால், அதே பலகைகளைத் திருப்பிப் பின்பக்கத்தில் புது வாசகத்தைப் பொறித்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. மாதிரிக்கு ஒன்று செய்தும் பார்த்தேன். மாமி அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

“உயிரோட இருக்க மனுஷனுக்க முதுகுல சாவை எழுதிவச்சு ஊருக்குக் கொடுப்பியா?”

ஜெபசிங் மார்த்தாண்டத்துக்குப் போய்ப் புதுப் பலகை வாங்கிவந்தார். மூன்று பேருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். இந்தமுறை விளக்கு இல்லை. முகமும், கீழே ‘நான் இருக்கேன்லா’ என்ற வரியும் மட்டும். பழைய பலகைகள் மாமியின் வெந்நீர் அடுப்புக்குப் போயின. மாதிரிக்கு இரண்டு பக்கமும் பொறித்த அந்த ஒரு பலகை மட்டும் எப்படியோ கடை அலமாரியில் தங்கிவிட்டது.

விசேஷத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த பெரியவர், பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, என்னை முதலிலேயே எரித்துப் பார்த்த பிள்ளை இதுதான் என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. ஆனால் பந்தியில் என் இலைக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றச் சொன்னது அவர்தான். பலகையை வாங்கியவர்கள் படிக்கிறார்கள், பெரியவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். பரிசுப்பொருளை அந்த இடத்திலேயே படிக்கிற கூட்டத்தை நான் கிள்ளானில்கூடப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு சுசீந்திரம் பக்கத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யார் வந்து அடியந்திரம் என்று சொன்னாலும், ஆள் இருக்கிறாரா என்று நான் முதலில் கேட்டுவிடுகிறேன். ஒருநாள் ஜெபசிங் மாமியிடம், இனி நாங்கள் இங்கேதான் என்றார். மாமி என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே கிள்ளானில் பூட்டிக் கிடக்கிற அறை நினைவுக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் அழைத்தார். ஒவ்வொரு வாரமும் கேட்பதுபோல, கடை எப்படிப் போகிறது என்று கேட்டார். இத்தனை நாளும் பரவாயில்லை என்றே சொல்லிவந்தேன். அன்று, நல்லா போவுதுப்பா என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப உன் ரூம அண்ணன் பையனுக்குக் கொடுத்திடலாமாம்மா? அவனும் பெரிய பையனா ஆயிட்டான்.”

கொடுத்துவிடுங்கள் என்றேன். என் பின்னால் அலமாரியில் ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன என்று அவர்தான் பேச்சை மாற்றினார். மாதிரிப் பலகையை எடுத்து போனுக்கு நேராகப் பிடித்தேன். கண்ணை இடுக்கிக்கொண்டு, நான் இருக்கேன்லா என்று படித்தார். முடிவில் லாவை நம் ஊர் மாதிரி இழுத்தார். அங்கே போயும் நீ நம்ம லாவை விடலையா என்று சிரித்தார். நான் திருத்தவில்லை. அவர் இன்னொரு தடவை படித்துச் சிரிக்கட்டும் என்று பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பியிருந்த பலகையின் பழைய பக்கத்தில் விளக்கு எரிந்தது. அதன் கீழே நீங்கா நினைவில் என்று இருந்தது.