தீர்த்தவாரிக்கு வந்த தொங்கான்

கிள்ளான் ஆற்றங்கரையில் பக்கிரிசாமியின் முகத்தைத் தெரியாதவர்கள் இருந்தார்கள். அவருடைய வாடையைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. காற்று ஆற்றுப் பக்கமிருந்து திரும்பினால் போதும், பாசாரில் மீன் விற்கும் பெண்கள் முந்தானையை மூக்குக்கு இழுத்துக்கொண்டு, "பக்கிரி கெளம்பிட்டாரு" என்பார்கள். அந்தப் படகுக்கு மேலே வரும்போது காக்கைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பறக்கும். ஒரு முறை படகைச் சோதிக்க ஏறிய வெள்ளைக்காரத் துரை மயங்கி விழுந்து, கண் விழித்ததும் சுத்தத் தமிழில் "அம்மா" என்று கூப்பிட்டாராம். காக்கைகளுக்கு நான் சாட்சி சொல்வேன். துரையை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அவர் ஓட்டியது தொங்கான். அடி தட்டையான சரக்குப் படகு. மற்றத் தொங்கான்கள் ரப்பரும் அரிசியும் ஏற்றும். இவருடையது ஊரார் வீட்டுக் கக்கூஸ் வாளிகளை ஏற்றும். மாட்டு வண்டிகளில் வந்து சேரும் வாளிகளை வாங்கி அடுக்கி, ஆற்று நீர் வடியத் தொடங்கும் நேரம் பார்த்து அதோடு இறங்கி, ஆற்று வாய்க்கு எதிரே கிடக்கும் தீவைத் தாண்டிப் போய்க் கடலில் கொட்ட வேண்டும். வற்றத்தில் கொட்டினால் கடல் இழுத்துக்கொண்டு போய்விடும். ஏற்றத்தில் கொட்டினால் கொட்டியவனையே தேடி வரும். சுக்கான் பிடிப்பவனுக்கு இதுதான் தொழில்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த முப்பத்தோராம் வருஷம் அது. படகைக் குத்தகை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் பக்கிரிசாமியோடு போய்வந்த ஆளை நிறுத்திவிட்டார். ஒற்றை ஆளாகத் தீவு வரை போகமுடியாது என்றதற்கு, "யாரு தீவு வரைக்கும் போவச் சொன்னது? ஆத்து வாய்லயே கவுத்துட்டு வா" என்று முடித்தார். அன்றிலிருந்து ஆற்று வாயில்தான் கவிழ்த்தார் பக்கிரிசாமி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடல் பொங்கும்போது, கவிழ்த்ததெல்லாம் காப்பார் பக்கத்துக் கரையில் போய் ஒதுங்குவதையும் அவர்தான் பார்த்தார். அங்கே கம்பம் என்கிற கரையோரக் கிராமத்து மலாய்க்காரர்கள் சேற்றில் கெராங் சிப்பி பொறுக்குவதை விட்டுவிட்டார்கள். சில வீடுகளில் விடாத காய்ச்சல்.

அந்த வருஷம்தான் கோயில்காரர்களுக்கு அந்தக் கரை கண்ணில் பட்டது. மாசி மகத்துக்குச் சாமியைக் கடலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தவாரி நடத்துவது வழக்கம். முந்தைய வருஷங்களில் பந்திங்கைத் தாண்டி மோரிப் கடற்கரைக்கு லோரிகளில் போவார்கள். இப்போது லோரி கொடுக்க ஆளில்லை. மாட்டு வண்டிக்கு எட்டுகிற தூரத்தில் காப்பார் பக்கம் ஒரு கீற்று மணல் இருந்தது. அதுவே போதும் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

பக்கிரிசாமியின் மனைவி பவுனம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம். முன்னால் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. இந்தப் பிள்ளை நிலைத்தால் மாசி மகத்தன்று கடலில் தலை முழுகி, ஒரு கை தீர்த்தம் குடிப்பதாக அவள் நேர்ந்துகொண்டிருந்தாள்.

செய்தி காதில் விழுந்ததும் பக்கிரிசாமி நேரே போனது பாலனின் முடி திருத்தும் கடைக்கு. கோயில் கமிட்டியில் பாலன் சொன்னால் எடுபடும். ஆனால் அந்தக் கடையில் ஒரு சங்கடம் உண்டு. பாலன் கதர் கட்டிய காங்கிரஸ்காரர்; பக்கத்துக் கடைத் தையல்காரர் அய்யாவு சுயமரியாதைக்காரர். மதராசிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகை இரண்டு வாரப் பழசாக இருக்கும். அதற்குச் சண்டை மட்டும் அன்றலர்ந்த பூ மாதிரிப் புதிதாக நடக்கும். சண்டை முற்றினால் பாலன் சவரக் கத்தியை நீட்டிப் பேசுவார். நாற்காலியில் இருப்பவர் சாமியைக் கூப்பிடுவார். ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்த கொர்னேலியஸ் ஒரு நாள் பொறுமை இழந்து, ஒரு பக்க மீசையோடேயே டூட்டிக்குப் போய்விட்டார்.

பக்கிரிசாமி வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றார்.

"பாலண்ணே, காப்பார் கரை வேணாம்ணே. நான் கொட்டுறது அங்கதான் திரும்பி வருது. பௌர்ணமி ஏத்தத்துல தண்ணி பூரா அதான். ஜனங்க முங்கினா காய்ச்சல் வரும். குடிச்சா ஆளே போயிரும்."

பாலன் வாய் திறக்கும் முன் அய்யாவு திறந்துவிட்டார்.

"கேட்டுக்க பாலா. ஒன் தீர்த்தத்துல என்னா மெதக்குதுன்னு கொண்டுபோயி ஊத்துறவரே வந்து சொல்லிட்டாரு. சாமிக்கும் ஒரு கைக்குட்டை குடுத்து அனுப்பு, மூக்கைப் பொத்திக்கட்டும்."

"பக்கிரி, ஒனக்கு இதை இவன்தானே சொல்லிக் குடுத்தான்?"

"யாரும் சொல்லிக் குடுக்கலண்ணே. நான்தானே கொட்டுறேன்."

"அங்க இந்தியாவுல ஜனங்க கடல் எங்க சொத்துன்னு உப்புக் காய்ச்சி, லத்தியடி வாங்கிட்டு ஜெயிலுக்குப் போறாங்க. நானும் அன்னிக்குக் கரையில ஒரு பானை வச்சு உப்புக் காய்ச்சி எல்லாருக்கும் ஒரு சிட்டிகை குடுக்கலாம்னு இருக்கேன். நீ கடலு நாறுதுங்கிற. இது யாரு பேச்சு தெரியுமா? சர்க்கார் பேச்சு."

"உப்புக்கு வரி போட்டவனைத் திட்டுறே, சரி," என்றார் அய்யாவு. "கெணத்துல தண்ணி மொள்ள விடாம ஒருத்தனை வெளியில நிக்க வச்சிருக்கீங்களே, அதுக்கு எந்தக் கடல்ல போயி காய்ச்சப் போறே? இந்தா, பக்கிரி நிக்கிறாரே ஒன் வாசல்ல, உள்ள கூப்புட்டுச் செரைச்சு விடேன் பாப்போம்."

"சுயராஜ்யம் வந்தா எல்லாம் சரியாயிரும்."

"வந்ததும் மொதல்ல யாரு நாற்காலியில ஒக்காருவான்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு அன்னியத் துணி வந்தது, கோயில் நுழைவு வந்தது, லண்டன் மாநாடு வந்தது. பக்கிரிசாமியின் தண்ணீர் எங்கேயோ வடிந்து போயிற்று. ஒரு இடைவெளி பார்த்து அவர் மறுபடியும் நுழைந்தார்.

"காய்ச்சுறதா இருந்தா காய்ச்சுங்கண்ணே. பச்சையா மட்டும் யாரும் வாயில வைக்காம பாத்துக்குங்க."

"பாத்தியா, காய்ச்சலாம்னுட்டாரு. பக்கிரி நம்ம ஆளு," என்றார் பாலன்.

"என்னாங்க பக்கிரி, இந்தப் பக்கம் சாஞ்சிட்டீங்க?" என்றார் அய்யாவு, வருத்தமாக.

பக்கிரிசாமி அடுத்துக் கோயில் தலைவரின் வீட்டுக்குப் போனார். வாசலிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்று சொன்னது உள்ளே கேட்கவில்லை. அந்த வாரம் மட்டும் பழைய ஆளைக் கூடத் தந்தால் தீவைத் தாண்டிக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று கொந்தராத்துக்காரரிடம் கெஞ்சினார். அவர் வாசலில் வேலைக்கு நின்றவர்களின் வரிசையைக் காட்டினார்.

வீட்டில் பவுனம்மாள் புடவையை மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பவுனு, நீயாச்சும் போவாத."

"இதையேதான் டெய்லர் அய்யாவும் பேசுறாராம். நீங்களும் சாமி இல்லேங்கிற கூட்டத்துல சேந்துட்டீங்கன்னு கடைத்தெருவே பேசுது."

"சாமி இருந்துட்டுப் போவட்டும். தண்ணியில என்னா இருக்குன்னு நான் சொல்றேன்."

"கடல் அழுக்காவுமா? ஊரு அழுக்கெல்லாம் வாங்கிக்கிட்டும் அப்படியே கெடக்குதே, அதனாலதான அது கடலு."

முதல் முறை ஆற்று வாயில் வாளியைக் கவிழ்த்த அன்று பக்கிரிசாமியும் தனக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டார்.

"மூணு மாசம் தள்ளிக் குடு, ரெண்டு வருஷம் தள்ளிக் குடு. மோரிப்புக்கு நான் தூக்கிட்டே போறேன்," என்றார்.

பவுனம்மாள் புடவையின் ஓரத்தை நீவிவிட்டாள். "பொறந்ததையெல்லாம் நீங்க கொண்டுபோயி பொதைச்சீங்க. நான் வாசல்லயே நின்னுக்கிட்டேன். இந்தத் தடவை அப்படி நிக்க என்னால முடியாதுங்க. நேந்தது நேந்ததுதான்."

அவருக்கு ஒரு வழி தெரியாமல் இல்லை. மனைவியின் நேர்த்திக்கடனைப் புருஷன் தீர்ப்பது உலக வழக்கம்தான். மனைவிக்காக மொட்டையடித்தவர்கள், பத்துமலைக்குக் காவடி எடுத்தவர்கள் அவர் குடியிருந்த வீட்டு வரிசையிலேயே இருந்தார்கள். ஆனால் கடலில் இருப்பது என்ன என்று அவரைவிட யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்துபோய் வேறு வழி தேடினார்.

தேடிக் கண்டுபிடித்த வழி ஊர் முழுக்கத் தெரியும்படி ஆனது.

மாசி மகத்தன்று விடிந்தபோது, காப்பார் கரைக்கு வந்து சேர்ந்த வண்டிக் கூட்டம் முதலில் கண்டது சூரியனை அல்ல. மணலுக்கு நேர் எதிரே, காற்று கரையை நோக்கி வீசும் பக்கமாக, நங்கூரம் போட்டு நின்ற தொங்கானை. அது நிறைந்திருந்தது. எல்லா வாளிகளின் மூடியும் திறந்திருந்தது.

அந்த வாடையை எழுதிக் காட்ட முடியாது. மாடுகள் நுகத்தோடு திரும்பி வந்த வழியே ஓடின. மேளக்காரர் ஊதிய நாயனம் ஸ்வரம் மாறித் தும்மியது. மாலைகள் கட்டிய நிலையிலேயே வாடின. கம்பத்துக்காரர்கள் தொழுகையை முடித்த கையோடு பாயைச் சுருட்டிக்கொண்டு கரையை விட்டு உள்ளே தள்ளி நகர்ந்தார்கள். கண்ணில் நீர் வழிய நின்றவர்களில் பக்தி எது, நாற்றம் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"பக்கிரி, படகை எடு," என்று பாலன் கத்தினார்.

"எடுக்க மாட்டேண்ணே. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. இது இத்தனை நாளா நான் ஆத்து வாய்ல கொட்டினதுல கால்வாசிகூட இல்ல. நீங்க முங்க வந்த தண்ணியில இதைவிட ஜாஸ்தி இருக்கு. தண்ணி மூடி வச்சிருந்ததால ஒங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்."

சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்த அய்யாவுவைப் பார்த்து, "ஒன் கட்சி அனுப்பிச்ச ஆளா?" என்றார் பாலன். "சாமி ஊர்வலத்துல பீயைக் கொண்டாந்து நிறுத்துற அளவுக்கு நாங்க கெட்டுப்போவல. ஒன் உப்புச் சட்டிக்கு வந்தவரா இருப்பாரு," என்றார் அய்யாவு. ஆக, பக்கிரிசாமி தங்கள் ஆள் இல்லை என்பதில் இருவரும் முதன்முறையாக ஒத்துப்போனார்கள். ஒத்துப்போன பிறகு கல் பொறுக்குவது எளிதாகிவிட்டது. யார் கல் முதலில் பட்டது என்று பின்னால் விவாதம் நடந்தது. பட்ட இடம் நெற்றி.

கல்லுக்கு அவர் அசையவில்லை. கூட்டம்தான் மெல்லப் பின்வாங்கியது. அப்போது மஞ்சள் புடவை ஒன்று மட்டும் முன்னால் வந்தது.

பவுனம்மாள் மூக்கை மூடவில்லை. இத்தனை வருஷம் அந்த வாடையோடு ஒரே பாயில் படுத்தவள். நேரே தண்ணீரில் இறங்கினாள். கணுக்கால், முழங்கால்.

"பவுனு, வேணாம். அங்கயே நில்லு."

அவள் நிற்கவில்லை. குனிந்து ஒரு கை அள்ளினாள்.

பக்கிரிசாமி படகிலிருந்து குதித்தார். நீந்தினாரா, நடந்தாரா, எப்படி அத்தனை வேகம் வந்தது என்று பார்த்தவர்களுக்கே தெரியவில்லை. அவள் வாய்க்குப் போகுமுன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். அவளுடைய உள்ளங்கையிலேயே வாயை வைத்து, இருந்ததை முழுக்கக் குடித்தார். பிறகு தலை முழுகி எழுந்தார்.

"புருஷன் செஞ்சா பொண்டாட்டி கடன் தீரும். கரையில இத்தனை பேரு இருக்காங்க, இல்லேன்னு சொல்லச் சொல்லு பாப்போம்," என்றார், நெற்றி ரத்தம் கண்ணில் இறங்க. "தீந்துபோச்சு. ஏறு."

கரையில் ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. பவுனம்மாள் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அன்று வேறு யாரும் கடலில் கால் வைக்கவில்லை. சாமி நனையாமலே திரும்பியது.

வேலை மறுநாளே போயிற்று. காய்ச்சல் வர இரண்டு வாரம் பிடித்தது. தனித் தட்டு, தனிக் குவளை, தன் துணியைத் தொடக்கூடாது என்று அவர் சட்டம் போட்டார். அவள் கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவள் தள்ளி நின்றபடியே அவர் கரைவதைப் பார்த்தாள். வயிற்றில் பிள்ளை உதைத்தால் மட்டும் குரல் கொடுத்துச் சொல்வாள். அவர் சிரிக்கப் பார்ப்பார். பங்குனி முடியுமுன் அதுவும் நின்றுவிட்டது.

பாடை கட்டிய இடத்துக்குப் பாலன் மூவர்ணக் கொடியோடு வந்தார். சர்க்கார் அழுக்கைக் கடலில் விட்டுக் கொன்ற முதல் தியாகி என்றார். மூடநம்பிக்கை கொன்ற மனிதர், சங்கு ஊதக்கூடாது, இரங்கல் கூட்டம்தான் நடத்த வேண்டும் என்றார் அய்யாவு. கொடியின் ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறு முனையை மற்றவர் பிடித்து இழுக்க, குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

பவுனம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் நவுருங்க. அவரைத் தூக்கணும்," என்றாள்.

தொங்கானுக்கு வேறு சுக்கானி கிடைத்தான். அதே ஆற்று வாயில்தான் கவிழ்த்தான்.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தவர் ரயில்வே லயத்து வீடுகளில் இருந்த மருத்துவச்சி உர்சுலா. குழந்தையைக் குளிப்பாட்ட அவர் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்தபோது, கிடந்த நிலையில் பவுனம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"எந்தத் தண்ணி அது?"

"கெணத்துத் தண்ணிதான்மா. காய்ச்சி ஆற வச்சது."

"ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க அக்கா."

உர்சுலா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினார். பவுனம்மாள் அவருடைய தொண்டை இறங்கி ஏறுவதைப் பார்த்த பிறகுதான் குழந்தையைக் கொடுத்தாள்.