மூச்சுவிட மறந்த மாஸ்டர்

ஊரில் பாதிப் பேர் மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பேர், அவரிடம் கற்றவர்களைக் கண்டால் ஒதுங்கி நடக்கக் கற்றவர்கள். மாணவர் காலடியில் ஒரு பிரேக், தன் காலடியில் ஒரு பிரேக் என்று இரட்டை பிரேக் வைத்த சின்ன வெள்ளைக் காரில், காலை முதல் மாலை வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவர் பிழைப்பு.

உயிரோடு கூட மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் அவருக்கே தெரியாது. மாணவர் கியரில் கை வைத்தால் மூச்சை இழுப்பார். வளைவு வந்தால் இழுத்ததை அப்படியே நிறுத்தி வைப்பார். எதிரே லாரி வந்தால், இருக்கிற மூச்சின் மேல் இன்னொரு மூச்சை ஏற்றுவார். வண்டி ஓரங்கட்டி நின்ற பிறகுதான் எல்லாம் சேர்ந்து 'உஸ்ஸ்' என்று வெளியே வரும்.

வீட்டிலும் அது விடவில்லை. பால் பொங்க வந்தால் மூச்சு நிற்கும், செல்போன் அடித்தால் நிற்கும், மகள் கணக்குப் பரீட்சைத் தாளை நீட்டினால் கேட்கவே வேண்டாம். பின்னாலேயே ஒரு பெருமூச்சு, ஒரு கொட்டாவி.

"தட்டு முன்னாடி உக்காந்து எதுக்குங்க பெருமூச்சு?" என்றாள் மனைவி ஒருநாள். "உப்பு பத்தலைன்னா வாயத் திறந்து சொல்லுங்க."

"உப்பெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு."

"அப்போ என்னைக் கட்டிக்கிட்டதுக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பதற்றத்தில் மூச்சு மேலே போய் நின்றுகொண்டது, சத்தம் வரவில்லை. வராத சத்தத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் பேசவில்லை.

இந்த லட்சணத்தில்தான் மாமியார் கார் கற்றுக்கொள்ள வந்தார்.

அவர் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "அவ்வளவு வருஷம் பின்னாடி நின்னு விசில் ஊதியாச்சு மாப்பிள்ளை. இனிமே முன்னாடி உக்காந்து ஸ்டியரிங்கைப் புடிக்கணும்," என்று ஒரே போடாகப் போட்டார். பழகுவதற்கான லைசென்ஸைக்கூட கையோடு எடுத்து வந்திருந்தார். மறுத்துப் பேச மருமகனுக்கு ஏது வாய்?

முதல் வாரம் மைதானத்தில் ஓடியது. அதில் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஒரு குப்பைத் தொட்டியோடு சரி. ரோட்டுக்கு வந்ததும்தான் மாஸ்டருக்குச் சிக்கல் வந்தது. மற்ற மாணவர்கள் தப்புச் செய்தால் சட்டென்று தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவார். பெண் கொடுத்த மாமியார் ஓட்டும்போது, நடுவில் புகுந்து பிரேக் மிதிப்பது மரியாதையாக இருக்குமா? மிதிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் காலை மடக்கிக்கொண்டு மூச்சை மிதித்தார்.

அன்று காலை ரவுண்டானாவுக்குள் கார் நுழைந்தது. நுழையத் தெரிந்த அத்தைக்கு வெளியே வரத் தெரியவில்லை. போக வேண்டிய சாலை வரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு பஸ் வந்து மறைக்கும், அவர் "போயிட்டு வாப்பா" என்று அதற்கு வழிவிடுவார், கார் மறுபடி சுற்றும். சுற்றுக்கு ஒரு மூச்சு என்று மாஸ்டர் இழுத்துக்கொண்டே போனார். நடுவில் வேகவேகமாக நாய் மாதிரி இரைத்தார். உதடு மரத்தது. விரல்கள் தாமாகவே உள்பக்கம் மடங்கின. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அத்தை... நெஞ்சு... கை மரத்துப்போச்சு..."

"இந்தச் சுத்துல வெளிய போயிடணுமா மாப்பிள்ளை?"

"ஆஸ்பத்திரி அத்தை!"

அவர் திரும்பிப் பார்த்தார். மருமகன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "ஐயோ, அதோ போர்டு தெரியுதே! இந்தச் சுத்துல தவறிப்போச்சு, அடுத்த சுத்துல புடிச்சுடறேன். அதுவரைக்கும் தாங்கிக்குங்க!"

ஹாரன் அடிக்கப் போனார், வைப்பர் ஆடியது. இன்னொன்றைத் திருகினார், கண்ணாடியில் தண்ணீர் பீச்சியது. வேறு வழியில்லாமல் ஒரு கையால் கைப்பையைத் துழாவி, பழைய விசிலை எடுத்து மருமகன் பல்லுக்கு நடுவே செருகினார்.

"ஊதுங்க! தலையை வெளிய நீட்டி ஊதுங்க!"

'பீ. பீ. பீ.' முன்னால் போன ஆட்டோ பட்டென்று நின்றது.

"குட்டி குட்டியா ஊதாதீங்க, போலீஸ்னு நெனச்சு நின்னுடறான்! நீளமா ஊதணும். நீளமா ஊதினாத்தான் வழி விடுவான்!"

மாஸ்டர் நீளமாக ஊதினார். அடிவயிற்றில் இருந்து கடைசிச் சொட்டுக் காற்று வரை பிழிந்து ஊதினார். ஆட்டோ விலகியது, பஸ் விலகியது, ஒரு போலீஸ்காரர் அனிச்சையாகக் கையைக் காட்டி மற்ற வண்டிகளை நிறுத்தினார். கார் ரவுண்டானாவை விட்டுப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் வைப்பர் ஆட, இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு போனது. நடைபாதையில் போனவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். என்ன திருவிழாவோ என்று நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது மாஸ்டர் ஊதவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். விரல்கள் விரிந்திருந்தன. கண்ணில் தண்ணீர் வழிய, குடல் வலிக்கச் சிரித்தார். அவரைப் பார்த்து அத்தையும் சிரிக்க, இரண்டு வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இருவரும் இறங்க முடியாமல் கிடந்தார்கள்.

சிரித்தால் மட்டும் விடுவார்களா? படுக்க வைத்து ஈசிஜி எடுத்து, ரத்தம் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா வந்தார்.

"இதயம் நல்லா இருக்கு. பதட்டம் வந்தா மூச்சைப் பிடிக்கிறீங்க, அப்புறம் வேகவேகமா இழுக்கிறீங்க. அதுல உடம்புல இருக்க வேண்டிய கரியமிலவாயு குறைஞ்சுடுது. அதான் உதடு மரத்தது, விரல் மடங்கினது, தலை சுத்தினது."

"தலை சுத்தினது ரவுண்டானாவால டாக்டர்," என்றார் அத்தை.

"வர்ற வழியிலேயே எப்படிச் சரியாச்சு?"

"விசில் ஊதிக்கிட்டு வந்தாருங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "விசிலா? அப்போ ஆம்புலன்ஸ்ல வரலையா?"

"இல்லம்மா, நான்தான் ஓட்டிட்டு வந்தேன். இப்பத்தான் பழகறேன்."

டாக்டர் வாயைத் திறந்தபடி அத்தையையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டாக்டர்," என்றார் மாஸ்டர் பணிவாக, "இப்ப நீங்க மூச்சைப் பிடிச்சிருக்கீங்க."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, இனி நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். விசில் கைவசம் இல்லாத நேரத்தில் மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடச் சொன்னார்.

ஒரே நாளில் திருந்திவிட்டார் என்று சொன்னால் பொய். சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் பழகினார். பச்சை விழுந்ததும் மறந்தார். ஆனால் பக்கத்தில் இருப்பவர்களைக் கவனிக்கத் தொடங்கினார். பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்த அத்தனை பேரும் தோளைக் காது வரை தூக்கிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, அவரைப் போலவே உட்கார்ந்திருந்தார்கள்! வருடக்கணக்கில் ஒரே காருக்குள் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்கள். இதை நினைத்து அவர் ஓட்டுநர் பள்ளி வாசலில் தனியாக நின்று சிரித்தார்.

"முதல்ல மூச்சை விடு. அப்புறம் கிளட்ச்சை விடு," என்பது அவருடைய புதுப் பாடம். கார் குதிப்பது பாதியாகக் குறைந்தது.

வீட்டில்தான் புதுத் தொல்லை. "என்னங்க, பெருமூச்சையே காணோம்? வெளிய எங்கயாவது விட்டுட்டு வர்றீங்களா?" என்றாள் மனைவி. இந்த முறை அவருக்குச் சத்தம் தாராளமாக வந்தது. கட்டிக்கொண்ட நாளில் இருந்து சொல்லாததை எல்லாம் சேர்த்துச் சொன்னார். அவள் சிவந்துபோய், "போதும், பிள்ளை கேட்கப் போறா," என்று அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

அத்தை லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை கோட்டைவிட்டார். மறு தடவை வாங்கிவிட்டார். வாங்கிய வாரமே குடும்பத்தோடு மலைப்பாதையில் ஒரு நெடும்பயணம் கிளம்பினார். முன்னால் அத்தையும் மனைவியும், பின்னால் மகளும் மாஸ்டரும். முதல் வளைவிலேயே மனைவி கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கண்ணை மூடினாள். "என்னங்க, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன் அம்மாவுக்கு!"

மாஸ்டர் வாயைப் பிளந்துகொண்டு, மகள் தோளில் சாய்ந்து, கணீரென்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கண் விழித்தபோது வண்டி ஒரு டீக்கடை முன்னால் நின்றிருந்தது. "வந்தாச்சா?" என்றார்.

"வந்தாச்சுப்பா," என்றாள் மகள். "ஆனா இது எந்த ஊருன்னுதான் யாருக்கும் தெரியலை."

அத்தை ஏற்கெனவே இறங்கி நான்கு டீ சொல்லிக்கொண்டிருந்தார்.