வேடியப்பனுக்குக் கூரை

சாமந்தி போடும் எங்கள் கொல்லையின் கிழக்கு வரப்போரம் ஒரு கல் நிற்கிறது. இடுப்பு உயரம் இருக்கும். வில்லைப் பிடித்தபடி ஓர் ஆள், அவன் காலடியில் மாடுகள், தலைக்கு மேலே தேய்ந்துபோன எழுத்துகள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதற்கு வேடியப்பன் என்றுதான் பேர். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும், சீம்பால் தீர்ந்து பால் தெளிந்ததும் முதல் சொம்பை அந்தக் கல்லின் தலையில் ஊற்றுவார்கள். அதற்கப்புறம்தான் வீட்டில் காபி, பால் சொசைட்டிக்கு ஊற்றுவது எல்லாம். கல்லுக்குக் கூரை மட்டும் போடக் கூடாது. வெயிலிலும் மழையிலும் நின்று மாடு காத்தவருக்கு நிழல் ஆகாது என்பார்கள்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். மகளின் பள்ளி வேன் கொஞ்சம் தாமதித்தாலே வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடப்பேன். படிப்பும் எட்டாவதோடு நின்றுபோனது. நான் சொல்வதில் பாதி என் பயம்தான் என்பார் வீட்டுக்காரர். இருக்கலாம். நடந்ததை மட்டும் எழுதப் பார்க்கிறேன்.

பக்கத்துக் கொல்லை அக்கா வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எங்களோடு தமிழ். அவர்கள் எப்போது இங்கே வந்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, நாங்கள் எப்போது வந்தோம் என்று எங்களுக்கும் தெரியாது. ஆனால் மாட்டுப் பொங்கலன்று கல்லுக்கு முதல் சொம்பு அவர்கள் வீட்டுப் பால்தான். அதற்கு ஒரு கதை உண்டு. யாரோ கள்ளர்கள் ஓட்டிக்கொண்டு போன மாடுகளை இந்த மனிதர் துரத்திப்போய் மீட்டார், ஊர் எல்லையில் அம்பு பட்டு விழுந்தார். அந்த மாடுகள் அக்கா வீட்டு முன்னோர்களுடையவை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"எங்க மாட்டுக்காகச் செத்தவரு கண்ணு. நாங்க ஊத்தாம வேற யாரு ஊத்துவா?" என்பார் அக்கா.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தருமபுரியிலிருந்து ஒரு பையன் குச்சியில் போனை மாட்டிக்கொண்டு வந்தான். மரியாதையான பையன். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டுத்தான் கல்லருகே போனான். நான் மோர் கொடுத்தேன். கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் போனில் எங்கள் வேடியப்பன் வந்துவிட்டார். பின்னால் பறை மேளம். இந்த நாட்டின் வரலாறே இங்கேதான் தொடங்குகிறது, முதல் காவல் வீரன் இவன்தான் என்று அந்தப் பையனின் குரல். எங்கள் புளியமரத்தைப் போனில் பார்த்ததும் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதிலிருந்து எங்கே போனாலும் இதே பேச்சு. சாமந்திப் பூ மூட்டையோடு அதியமான்கோட்டை டீக்கடையில் பஸ்ஸுக்கு நிற்போம். ஒருவர், எல்லாரும் வடக்கேயிருந்து வந்தவர்கள்தான் என்பார். இன்னொருவர், எல்லாம் இந்த மண்ணிலேயே முளைத்தது, மற்றவர்கள் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்பார். ஆளுக்கொரு வீடியோவைப் போட்டுக் காட்டிக்கொள்வார்கள். ஒருநாள் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது.

"அண்ணா, மொதல்ல யாரு வந்தாங்கன்னு அப்பறம் பாத்துக்கலாம்," என்றார் டீ மாஸ்டர். "உங்க பஸ்ஸு வந்துட்டுப் போவுது பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சட்டையைப் பிடித்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு அந்தப் பையனே ஒரு கல்லூரி வாத்தியாரைக் கூட்டிவந்தான். அவர் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, எழுத்து தெரிவதற்காக மாவை எடுத்து அதன் மேல் மெல்லத் தேய்த்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். மாடுகளை மீட்டு இறந்தான் என்கிற இடம் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார்.

"யாரு மாடு, யாருகிட்டேருந்து மீட்டாருன்ற எடம் பொரிஞ்சு உதிர்ந்து போயிடுச்சுங்க. தெரியலன்னுதான் எழுதணும்."

"தெரியலன்னு எழுதுனா எவன் சார் பாப்பான்?" என்றான் பையன்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாத்தியார் கையைக் கழுவிக்கொண்டு போனவர்தான், மறுபடி வரவில்லை.

ஆடி கழிந்ததும் இளைஞர்கள் ஒரு சங்கம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். கல்லைச் சுற்றி இரும்புக் கிரில், கேட்டு, பூட்டு. மேலே நீலத் தகரம். என் வீட்டுக்காரர் தானே குழி எடுத்துக் கொடுத்தார். கொல்லைக்கு ரோடு வரும் என்று அவருக்கு ஆசை.

"அவருக்குக் கூரை ஆகாதுங்களே," என்றேன் நான்.

"யக்கா, அந்தக் காலத்துல தகரம் கெடைக்கல. அதான் போடாம வுட்டிருக்காங்க," என்றான் ஒருவன். அவனுக்கு நல்ல வாய்.

கேட்டுக்குப் பக்கத்தில் பலகை நட்டார்கள். எல்லை தாண்டி வந்த அந்நிய மொழிக் கள்வரிடமிருந்து நம் இனத்தின் மாடுகளை மீட்டு உயிர் நீத்த மாவீரன் என்று எழுதியிருந்தது. மாவு தேய்த்தும் வராத எழுத்து பலகையில் பளிச்சென்று வந்திருந்தது.

அக்கா புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடியே நின்று படித்தார். அவரும் இந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்தான். மெதுவாக எழுத்துக் கூட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா கண்ணு இது. எங்க மாட்ட நாங்களே திருடிக்கிட்டமாமே."

நானும் சிரிக்கப் பார்த்தேன். 

அதன்பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொசைட்டியில் அக்கா கேனை நீட்டும்போது, "மாடு யாருதுங்க?" என்று யாராவது கேட்பார்கள், வரிசை சிரிக்கும். அக்காவின் வீட்டுக்காரர் கட்டம் போட்ட பச்சைத் துண்டில் தலைப்பாகை கட்டுவார். ஒருநாள் என் மகள் பள்ளிப் போட்டிக்கு வேடியப்பன் சண்டையை வரைந்துகொண்டிருந்தாள். மாடு ஓட்டிப்போகிற கள்ளர்கள் எல்லோர் தலையிலும் பச்சைக் கட்டம்.

"ஏன்டி இந்தத் துண்டப் போட்ட?"

"திருடனுக்கு எதுனா கட்டணுமில்லம்மா," என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை அவள். நான் பூக்கூடையோடு அலைந்த நாளெல்லாம் அக்காதான் சோறு ஊட்டினார்.

மாட்டுப் பொங்கல் நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடியது. முதல் சொம்பை அக்காவை ஊற்ற விடுவார்களா என்பதே நினைப்பு. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒண்ணும் ஆவாது, கம்முனு இரு. நாந்தான் அங்க நிப்பேன் இல்ல," என்றார்.

அன்றைக்குக் காலையிலேயே மைக் செட் கட்டிவிட்டார்கள். அக்கா குளித்து, கொம்புக்கு வர்ணம் அடித்த கையோடு, பித்தளைச் சொம்பை முந்தானையால் மூடி எடுத்துவந்தார். பின்னால் அவர் வீட்டுக்காரர், அதே பச்சைத் துண்டோடு. கேட்டில் பூட்டு தொங்கியது. சாவி, அன்று தகரத்துக்குப் பதில் சொன்ன நல்ல வாய்க்காரப் பையனிடம் இருந்தது. அவன் சண்டை ஒன்றும் போடவில்லை. எழுந்து நின்று கும்பிட்டான்.

"யக்கா, இப்பிடிக் குடுங்க. நாங்க ஊத்திக்கிறோம்."

"நான் ஊத்தறது சாமி."

"தெரியும்க்கா. இந்த வருசத்துலேருந்து மொற மாத்தியிருக்கு. படிச்சீங்க இல்ல, பலகைல போட்டிருக்குதே."

அக்கா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் மைக் செட்டுக்காரனிடம் ஒயரைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.  என் மகள் கூட்டத்தில் எங்கே நிற்கிறாள் என்று தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"பா, ஹோகோணா," என்றார் அக்காவின் வீட்டுக்காரர். வா, போகலாம் என்று அர்த்தம். வெளியிடத்தில் அவர் கன்னடம் பேசி அன்றுதான் கேட்டேன்.

அக்கா பாலைக் கீழே ஊற்றவில்லை, கொடுக்கவும் இல்லை. மூடியபடியே கொண்டுபோனார். மைக்கில் பாட்டுப் போட்டார்கள்.

தை முடிவதற்குள் அவர்கள் வீட்டு மாடுகள் சந்தைக்குப் போயின. இண்டூரிலிருந்து தரகர் வந்து கொல்லையை அளந்து பார்த்துவிட்டுப் போனார். நான் வெட்கத்தை விட்டு ஒருநாள் போனேன். அக்கா பழைய மாதிரியே காபி கொடுத்தார்.

"பெங்களூருக்கு வந்துடுங்கன்றான் மவன். அங்க போனா எங்களத் தமிழுக்காரங்கன்றாங்க கண்ணு," என்றார். "எங்க போயி எறங்கறது, சொல்லு."

நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

இந்த மாசிக் கடைசியில் எங்கள் மாடு கன்று போட்டது. பால் தெளிந்ததும் சொம்போடு போனேன். தகரத்துக்குக் கீழே மழை படுவதில்லை, வெயிலும் படுவதில்லை. ஊற்றிய பாலெல்லாம் கல்லிலேயே புளித்து நாறியது, எறும்பு மொய்த்தது. சாவி வைத்திருக்கும் அந்தப் பையன் கேட்டைத் திறக்க வந்தான். கயிற்றை அறுத்துக்கொண்டு கன்று என் பின்னாலேயே வந்துவிட்டது. பூச்செடிக்குள் இறங்கப் பார்த்தது.

"ரா... ரா..." என்று கூப்பிட்டேன். என் அம்மா கூப்பிடுகிற மாதிரி. அம்மா பிறந்தது கிருஷ்ணகிரிக்கு அப்பால். எங்களிடம் தமிழில் பேசுவார், மாட்டிடம் மட்டும் தெலுங்கு. சின்ன வயதில் அதை மாட்டுக்கான பாஷை என்றே நினைத்திருந்தேன்.

பையன் சாவியைப் பூட்டில் வைத்தவன் அப்படியே நின்றான்.

"அது என்னா பாஷைங்க்கா?"

"மாட்டுக்குச் சொல்றது தம்பி."

"அப்பிடிங்களா." சிரித்தான். நல்ல பையன்தான். "உங்க அம்மா வூடு எந்தப் பக்கம்?"

கேட்டு திறந்தது. நான் உள்ளே போய் ஊற்றினேன்.  அவன் கேட்டது காதில் விழாத மாதிரி கன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். 

இப்போதெல்லாம் கன்றைக் கூப்பிடுவதில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டுகிறேன். அது நின்று என் வாயையே பார்க்கிறது.