ஃபோட்டோவுக்கு ஒரு பலூன்

1. பலூன்

வசந்தா அம்மா கொண்டையிலிருந்து ஊசியை உருவி, நான் கொடுத்த பலூனை ஒரே குத்தாகக் குத்தினார். டப்பென்று வெடித்தது. வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கு எழுபத்தொன்பது வயசு ஆகுது ஸ்டெல்லா. பலூன் தட்டி விளையாடச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாக்கரைத் தள்ளிக்கொண்டு ரூமுக்குப் போய்விட்டார்.

மாடம்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். போர்டில் 'அசிஸ்டட் லிவிங்' என்று இருக்கும். நான் அங்கே ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டர். பேர்தான் பெரிசு. பஜனை, தம்போலா, நாற்காலி எக்சர்சைஸ் என்று பெரியவர்களை எதிலாவது இழுத்து உட்கார வைத்து, ஃபோட்டோ எடுத்து, அவர்கள் பிள்ளைகள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். பீர்க்கன்கரணையிலிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்து, நாள் முழுக்கச் சிரித்த முகமாக நின்றால் சாயங்காலம் கன்னம் வலிக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றிலிருந்து வசந்தா அம்மா ஹாலுக்கே வரவில்லை. சாப்பாடும் ரூமிலேயே. எங்கள் இடத்தில் அதுதான் பயம். நடக்காமல் இருந்தால் கால் முடங்கும். கால் முடங்கினால் இரண்டாவது மாடி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான மாடி. மேலே போனவர்கள் திரும்ப நடந்து வந்து நான் பார்த்ததில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம் ஸ்டெல்லா. அப்பவும் நடக்கலைன்னா மேல ஷிஃப்ட் பண்ணிடலாம். விழுந்து கிழுந்து வெச்சா நமக்குத்தான் ப்ராப்ளம்" என்றார் மேனேஜர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

2. லேடீஸ் கம்பார்ட்மென்ட்

ஒரு நாள் காலையில் சமையல்கட்டு வாசலில் குமாரி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் எங்கள் சமையல்.

"இன்னா மேடம், சும்மாதானே நிக்கிற? கீரை ஆயற பொண்ணு இன்னிக்கி வரல. இத்தினி கட்டு கீது, நான் ஒண்டியா இன்னா பண்றது? ஒரே பேஜாரு."

சும்மா நிற்கிறேனாம்! கடுப்போடு இரண்டு கட்டு சிறுகீரையைத் தூக்கிக்கொண்டு வசந்தா அம்மா ரூமுக்குப் போனேன். திட்டமெல்லாம் ஒன்றுமில்லை. அங்கே ஃபேன் நன்றாகச் சுற்றும், கொஞ்சம் உட்காரலாம், அவ்வளவுதான்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார். நான் கீரை ஆய்வதையே கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"இந்த வேகத்துல ஆய்ஞ்சா நாளைக்குத்தான் கூட்டு. குடு இப்படி."

வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். விரல் அதுபாட்டுக்குப் போனது, வாய் அதுபாட்டுக்குப் பேசியது. சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தாராம்.

"சாயங்காலம் பீச்சுல ட்ரெயின் ஏறினா உக்கார இடம் கிடைக்கும். பல்லாவரம் வர்றதுக்குள்ள கீரை முடிஞ்சுடும், அப்புறம் அவரைக்காய். தாம்பரத்துல இறங்கினா நேரா அடுப்புதான். லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல எதிரெதிரா உக்காந்துகிட்டு மாமியார் கதை, ஆபீஸர் கதை எல்லாம் அங்கதான். அப்படிச் சிரிப்போம்!"

மறுநாள் அவரே வாக்கரோடு ஹாலுக்கு வந்தார். "வட்டமா போடாத ஸ்டெல்லா. எதிரெதிரா போடு" என்று நாற்காலிகளை மாற்றச் சொன்னார். கீரை ஆய மூன்று அம்மாக்கள் சேர்ந்தார்கள். ஆசையாக வந்து உட்காரப் போன ரிட்டயர்ட் என்ஜினியர் ஒருவரை, "சார், இது லேடீஸ்" என்று எழுப்பிவிட்டார். பாவம், அவர் சோஃபாவுக்குப் போய்ப் பூண்டு உரித்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

தினமும் வந்தார். ஹாலிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் நடந்து போய், கீரை முற்றல் என்று குமாரி அக்காவிடம் சண்டையும் போட்டார். மாடிப் பேச்சை மேனேஜர் எடுக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஃபோட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன்.

3. கனடாவிலிருந்து போன்

போட்ட கொஞ்ச நேரத்தில் வசந்தா அம்மாவின் மகள் கனடாவிலிருந்து கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா மேடம், அம்மா கையில என்ன அது? கீரையா?"

"அம்மா விரும்பித்தான்..." என்று ஆரம்பித்தேன். விடவில்லை.

"எங்கம்மா ட்ரெயின்ல கூட ஒரு நிமிஷம் சும்மா உக்காந்ததில்ல. அந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். இனிமேலாவது ரெஸ்ட்டா இருக்கட்டும்னு உங்ககிட்ட விட்டா, அங்கயும் கீரையா?" குரல் உடைந்து அழுதுவிட்டார். அந்தப் பெண் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மேனேஜர் அன்றே கீரையை நிறுத்தச் சொன்னார். வசந்தா அம்மா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பாடு மறுபடி ரூமுக்குப் போனது. வாரக் கடைசியில் மேனேஜர், "மேல ஒரு பெட் காலி இருக்கு" என்றார். நான் நேரே வசந்தா அம்மா ரூமுக்குப் போய் மகள் பேசியதை அப்படியே சொன்னேன்.

"நீங்களே பேசிச் சொல்லுங்கம்மா."

"சொன்னா நம்ப மாட்டா. நான் பட்ட கஷ்டம்தான் அவ கண்ல நிக்குது. நான் சிரிச்சது அவளுக்கு எங்க தெரியும்? அவ அப்ப வீட்டு வாசல்ல எனக்காகக் காத்துகிட்டு நின்னவளாச்சே" என்றார். எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "பலூன் இருக்கா?" என்று கேட்டார்.

ஊதிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். ஃபோட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது: "அம்மா எவ்ளோ ஹேப்பியா இருக்கா! தேங்க்ஸ் மேடம்."

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "அவங்க நடந்தா சரி. கீரை விஷயம் என் காதுல விழல" என்றார்.

இது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் களைத்துப்போனவள். இந்த வேலையில் பெரியவர்களுக்கென்று ஒரு ஆக்டிவிட்டி உண்டு, பிள்ளைகளுக்கென்று ஒரு ஆக்டிவிட்டி உண்டு. இரண்டையும் செய்யத்தான் வேண்டும். எது யாருக்கு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அன்று அந்த மெசேஜை வசந்தா அம்மா இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். "பாவம் குழந்தை. நிம்மதியா தூங்கட்டும்" என்றார். பலூனை என்னிடம் நீட்டினார்.

"உடைச்சிடாத, நாளைக்கும் வேணும். இப்ப வாக்கரை இப்படித் தள்ளு. குமாரி என்ன கீரை வாங்கியிருக்கான்னு பார்க்கணும்."