கிளியோட்டிஸின் குதிகால்

1959 செப்டம்பரில், பருத்தி எடுப்பு தொடங்கிய திங்கட்கிழமை, கிளியோட்டிஸ் கேதிங்ஸ் சிகாகோவுக்கு ரயிலேறினார். எடுப்பு நேரத்தில் ஊரை விட்டுப் போகிறவனுக்கு மிசிசிப்பியில் நல்ல பெயர் கிடையாது. வயலுக்குப் போகும் லாரியில் நின்றவர்கள், சாக்கில் சுற்றிய கிட்டாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்களாம். வாசலில் நின்ற மனைவி வெர்லீன் சிரிக்கவில்லை.

"போறதுதான் போற, அந்த வலது காலை இங்கயே விட்டுட்டுப் போ. வீடாவது ஆடாம நிக்கும்."

"அது இல்லாம நான் எங்க போறது, வெர்லீன்?"

கிளியோ என் அம்மாவுக்குத் தாய்மாமன். பின்னாளில் ஊருக்கே மாமா. எங்கள் வீடுகள் செங்கல் கால்களின் மேல் நிற்பவை. பலகைத் தரைக்கு அடியில் வெறும் காற்றுதான். அவர் உட்கார்ந்து எங்கள் கறுப்பு மக்களின் ப்ளூஸ் பாட்டை வாசித்தால் வலது குதிகால் தானாகவே தரையை அடிக்கும். வீடே முழங்கும். சனிக்கிழமை ராத்திரி மீன் பொரித்து விருந்து வைக்கும் வீடுகளில் ஆடுகிறவர்கள் கிட்டாரைவிட அந்தக் குதிகாலைத்தான் நம்பினார்கள். தாளத்துக்கு வேறு ஆள் வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை.

தன் பெயர் போட்ட ஒரு ரெக்கார்டு. அதற்காகத்தான் போனார். சிகாகோவில் ஒரு சின்ன கம்பெனி கூப்பிட்டிருந்தது. முதல் பாட்டை நிறுத்தாமல் வாசித்து முடித்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிப்பதிவுக்காரர் எழுந்து வந்து, யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் விழுந்து பாட்டைக் கெடுத்துவிட்டது என்றார். பிறகுதான் காலைக் கவனித்தார். அசைக்காமல் வாசிக்கச் சொன்னார். இரண்டாவது வரியிலேயே கால் எழுந்தது. ஷூவைக் கழற்றச் சொன்னார், வெறுங்காலும் கேட்டது. கடைசியில் ஒரு தலையணையைக் கொண்டுவந்து காலடியில் போட்டார்கள்.

சத்தம் நின்றது. விரல்களுக்கு எங்கே இறங்குவதென்று தெரியாமல் போனது. தானே கட்டிய பாட்டின் வரிகள் மறந்தன. கடிதம் போடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். போடவில்லை.

நடந்ததை அவரே ஊரில் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. முடிவெட்டும் கடையில் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் கேள்வி வரும்: "ரெக்கார்டு வந்துச்சா கிளியோ? தலையணைக்கு அடியில தேடிப் பாத்தியா?"

அவர் பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். குற்றம் காலுடையது என்றே நம்பினார். ஒரு குளிர்காலம் முழுக்க, கணுக்காலை நாற்காலியோடு சேர்த்துக் கட்டச் சொல்லி வாசித்துப் பழகினார். கட்டிவிட்டது வெர்லீன்தான். பாட்டு நொண்டியது. ஒருநாள் வெர்லீனே குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

"காலைக் கட்டினா கையும் சேந்து கட்டிப்போகுது. விட்டுத் தொலை. ஆடுறவங்களுக்கு வாசி."

அப்படித்தான் வாசித்தார், வெர்லீன் இறந்த பிறகும். கடன் வாங்கிய நாற்காலிகளில், மற்றவர்கள் வீட்டுத் தரைகளில். சில வீடுகளில் பலகை பெயர்ந்து, மறுநாள் சுத்தியலோடு போய் அடித்துக் கொடுத்திருக்கிறார். சிகாகோ கம்பெனி எப்போதோ மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டார். அதன் பிறகு ரெக்கார்டைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

பல ஊர்கள் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, சர்க்கரை வியாதியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப அந்த சிகாகோக்காரனக் கூப்பிடு, பொண்ணே. தட்டுற சத்தமே வராது," என்றார். சிரிப்பு அடங்கியதும், கிட்டார் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

போன வாரம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் போதகரிடம் என் எண்ணை வாங்கியிருந்தார்கள். மாமாவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.

"பழைய கம்பெனியின் ஒலிநாடாக்கள் இப்போது எங்களிடம் இருக்கின்றன. திரு. கேதிங்ஸ் 1959இல் வாசித்த முதல் பாட்டை ரெக்கார்டாக வெளியிட விரும்புகிறோம். அவர் சம்மதம் வேண்டும். இன்னொரு விவரமும் தேவை. பெட்டியின் மேல் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. டிரம்ஸ் வாசித்தவர் யார்? அவர் பெயரையும் போட வேண்டும்."