உயிரோடு சுவர் ஏறிய ‘கேட்டு’ ஏகாம்பரம்

‘கேட்டு’ ஏகாம்பரம் அண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது என் வாய் நிறையப் பற்பசை நுரை. மார்கழிப் பனியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்த செல்வராஜ், அதாவது நம் கால்பந்துக் கழகத்தின் இளம் செயலாளன், வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றான். இறங்கக்கூட இல்லை.

“அண்ணே, கேட்டு அண்ணன் பூட்டாருண்ணே. பர்ஸ்ட் ஷிப்ட் கம்பெனி பஸ்ல உக்காந்தவரு, படப்பை தாண்டறதுக்குள்ள அப்படியே சாஞ்சிட்டாராம்.”

நுரையைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான். 

“கிளப்பு சுவத்துல இருக்கற படத்த எறக்கிடட்டுமா? அண்ணி பாக்கறதுக்கு முன்னாடி?”

விழுங்கிவிட்டேன்.

கழக மலரில் இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி புரியும்.  மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சர்ச் மைதானத்தை ஒட்டிய நம் கழக அறையின் மேற்குச் சுவரில் படங்கள் தொங்குகின்றன. இந்த ஊருக்குப் பந்தைக் கொண்டுவந்த பாதிரியார் முதலில். பிறகு நம் நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக. அந்தச் சுவரில் இடம் பிடிக்க இரண்டு தகுதிகள். நன்றாக ஆடியிருக்க வேண்டும், செத்திருக்க வேண்டும். முதல் தகுதியில் சிலருக்குச் சலுகை காட்டியதுண்டு. இரண்டாவதில் யாருக்கும் காட்டியதில்லை. அதனால் நம் ஊரில் செத்துப்போவதற்கே ‘சுவர் ஏறுவது’ என்று பெயர். “இன்னொரு தரம் என் கால்ல கால வச்சே, உன்ன சுவர் ஏத்திடுவேன்” என்று மைதானத்தில் கேட்காத சாயங்காலம் கிடையாது.

ஏகாம்பரம் அண்ணன் உயிரோடு சுவர் ஏறியவர். இந்த ஆவணியில் ஏற்றினோம். மார்கழி பிறந்ததும் போய்விட்டார். செல்வராஜின் கேள்வி இதுதான்: நாம் மாட்டிய படமா அவரைக் கொன்றது? அண்ணி அப்படி நினைத்தால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவர் ஆடிய காலத்தைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் கிடையாது. ஏனென்றால் அவருடைய முதுகை என் அளவுக்குப் பார்த்தவன் எவனும் இல்லை. அவர் ஸ்டாப்பர் பேக். அவரைத் தாண்டிப் பந்து போகாது, அதனால் ரயில்வே கேட்டின் பெயர். அவருக்குப் பின்னால் கோல் கம்பத்துக்கு நடுவே நின்ற அடியேனின் பெயர் ‘ஓட்டை’. காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டுக்குப் பின்னால் ஓட்டை இருக்கிறது என்பதை எதிரணி கண்டுபிடிக்காதபடி வருஷக்கணக்காகக் காப்பாற்றிய பெருந்தகை அவர்.

ஊர் முழுவதும் அவரைப் பயமறியாதவர் என்று நினைத்தது. நான் கொஞ்சம் வம்பு பேசுகிறவன், சொல்லிவிடுகிறேன்: ஆட்டத்துக்கு முன்னால் அவர் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும். குன்றத்தூரில் ஒரு இறுதி ஆட்டத்தின்போது எதிரணியில் எருமைக்கடா மாதிரி ஒரு பார்வர்டு. நான் சோடா வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

“இன்னாண்ணே, நீயே இப்படிப் பயந்தா நான் இன்னா ஆவறது?”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “டேய் ஓட்ட, பயமில்லாதவன் பார்வர்டு ஆடலாம். வுட்டா போய் கோலு போடுவான், வுடலன்னா சும்மா திரும்பி வருவான். பேக் ஆடறவனுக்குப் பயம் வோணும்டா. பயந்தாதான் பந்து வர்றதுக்கு முன்னாடியே எங்க வரும்னு தெரியும்.”

“எனக்கும்தான் பயமா கீது. எனக்கு ஒண்ணும் தெரியலியே?”

“நீ பயந்தா கண்ண மூடிக்கிற. நான் தொறந்து வச்சிக்கிறேன். அவ்ளோதான் வித்தியாசம்.”

அந்த ஆட்டத்தில் எதிரணியால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. எருமைக்கடா பாதி ஆட்டத்திலேயே சலித்துப்போய் ஓரமாக நின்றுவிட்டான். அந்த ஆட்டத்தைப் பார்த்த ஒரு கம்பெனி அதிகாரிதான் தாம்பரம் பக்கத்துத் தொழிற்சாலையில் அவரை பிட்டராகச் சேர்த்துக்கொண்டார். பிறகு முட்டி போயிற்று, ஆட்டம் போயிற்று. பேர் மட்டும் போகவில்லை.

இந்த ஆனியில் நடந்த கழகக் கூட்டத்தில்தான் செல்வராஜ் அந்தப் பேச்சை எடுத்தான். “செத்தாதான் மரியாதயா? செத்தவருக்குக் கை தட்டறது கேக்குமா? கேட்டு அண்ணன் உசுரோட இருக்கறப்பவே சுவத்துல மாட்டணும். அவரு கண்ணால பாக்கணும்.”

 யாரோ அவசரமாகச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எழுந்தவர் மரியதாஸ், நம் பழைய செண்டர் பார்வர்டு. கோலையும் பேச்சையும் ஒரே வேகத்தில் அடிக்கிறவர்.

“தம்பி, செத்தவன் மாற மாட்டான். உசுரோட கீறவன் நாளைக்குக் கட்சி மாறுவான், குட்ச்சிட்டு ரோட்ல வுழுவான், வேற கிளப்புக்குக் கோச்சா பூடுவான். அப்ப படத்த எறக்குவியா? திருப்பி மாட்டுவியா? ஒரு மனுசனோட ஆட்டம் முழுசா முடிஞ்சிதான் ஸ்கோரு எழுதணும்.”

நல்ல வாதம்தான். அதற்குள்ளே, முதலில் தன் பெயரைச் சொல்லவில்லையே என்ற வருத்தம் பாதி, சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற நடுக்கம் பாதி என்பது என் அபிப்பிராயம். நான் எழுந்து, “முட்டி போன அன்னிக்கே அவரு ஆட்டம் முடிஞ்சிதே, இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தீர்மானம் நிறைவேறிற்று. அவரிடம் போய்ச் சொல்லும் பொறுப்பும் சிரிக்க வைத்தவன் தலையில் விழுந்தது.

போனோம். விஷயத்தைக் கேட்டதும் அண்ணி செல்லம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“நல்லா கீதுயா. கட்டின புருசன் கல்லாட்டம் உக்காந்துகினு கீறாரு. அவருக்கு ஆணி அடிக்க வந்துட்டீங்களா? உன் படத்த மாட்டிப் பாரேன். உன் வூட்டுக்காரி சும்மா வுடுவாளா?”

“என் படத்த யாரும் கேக்கலண்ணி.”

“கேக்க மாட்டாங்க. நீ ஆடின ஆட்டம் அப்படி.”

 அண்ணனின் முகத்தில் ரத்தம் இல்லை. நாங்கள் செருப்பை மாட்டும்போதுதான் மெல்லக் கேட்டார்: “எந்தப் பக்கம்? பாதிரியார் பக்கத்துலயா?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த மனிதர் எவ்வளவு பயந்தாரோ அவ்வளவு ஆசைப்பட்டார் என்று. ஒரு வாரம் கழித்து அவரே வந்து சம்மதம் சொன்னார். நிபந்தனைகள் உண்டு: விளக்கு கூடாது, ஊதுவத்தி கூடாது, மாலை கூடவே கூடாது. மே மாதம் நம் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் மாலையோடு வந்தவள் குண்டு வெடிக்கச் செய்த பிறகு நம் பக்கத்தில் மாலையைக் கண்டாலே ஒரு நடுக்கம். ஊர்ப் பேரைச் சொன்னால் பஸ்ஸில் பக்கத்து ஆள் கொஞ்சம் தள்ளி உட்கார்கிற காலம். யாரும் மறுக்கவில்லை.

விழா நாளில் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்கு: படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட, சுங்குவார்சத்திரத்தில் மாணிக்கத்தின் கடையில் கொடுத்திருந்தான் செல்வராஜ். பேரையும் பிறந்த வருஷத்தையும் எழுதிக் கொடுத்து, “சுவத்துல மாட்டறதுக்கு, பெரிய சைஸ்” என்று மட்டும் சொல்லியிருக்கிறான். மாணிக்கத்தின் அனுபவத்தில் அந்த அளவுக்குப் படம் பெரிதாவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். துக்க வீட்டாரிடம் கேள்வி கேட்பது நாகரிகமில்லை என்று அவரும் கேட்கவில்லை. துணி சுற்றிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

அண்ணனே தன் கையால் துணியை விலக்கினார். உள்ளே ஜெர்சியில், இளமையாக, கலைந்த தலையோடு அவர். கீழே அழகான வெள்ளை எழுத்தில் ‘தோற்றம்’ என்று போட்டு அவர் பிறந்த வருஷம். அதற்கு நேரே ‘மறைவு’. பக்கத்தில் காலி இடம்.

தேதியைப் பிறகு வந்து சொல்வார்கள் என்று மாணிக்கம் விட்டு வைத்தாராம்.

 அண்ணி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் உதடு வெளுத்தது. வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து வரும்போது இருக்குமே, அந்த வெளுப்பு.  அவர் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“எடத்த காலியா வுட்டுகீறான். கோலு கூடத்தான் காலியா கீது. நடுவுல நான் நிக்கிறேன் இல்ல?”

அன்றைக்குக் கை தட்டியதுபோல எந்த கோலுக்கும் நாம் தட்டியதில்லை. சந்தோஷத்தில் இல்லை, பயத்தில் தட்டினோம். மறுநாள் மாணிக்கமே கறுப்புப் பெயிண்டும் தூரிகையுமாக ஓடி வந்து அந்தச் சொல்லை அழித்தார். படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்துப் போனார்.

சொல் அழிந்தது. பயம் அழியவில்லை. அதற்குப் பிறகான நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. அவர் தும்மினால் கமிட்டி கூடியது. பஸ் நிறுத்தத்தில் யாராவது ஒருவர் “இன்னாண்ணே, நல்லா கீறியா?” என்று கேட்டு, பதில் வரும்வரை நகரமாட்டார். மரியதாஸ், படம் மாட்டக்கூடாது என்று சண்டை போட்ட அதே மரியதாஸ், டானிக் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் ஓவர்டைம் பார்க்கக்கூடாது என்று செல்வராஜ் அவர் சூப்பர்வைசரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். “என் படத்த சுவத்துல மாட்டினீங்களா, என்ன கண்ணாடி அலமாரில பூட்டினீங்களாடா?” என்று அண்ணன் ஒருநாள் கத்தினார். கத்தியதில் இருமல் வந்தது. இருமலைக் கேட்டு நாலு பேர் ஓடி வந்தோம்.

இப்படிக் காவல் காத்தும் போய்விட்டார்.

கம்பெனி வேன் உடலைக் கொண்டுவந்து இறக்கியபோது நாங்கள் வேலியோரமாக, பிடிபட்ட திருடர்களைப்போல நின்றோம். யாரும் முன்னால் போகவில்லை. அழுது ஓய்ந்து நிமிர்ந்த அண்ணி நேராக எங்களைப் பார்த்தார்.

“டேய் செல்வராசு. படம் எங்கடா?”

“எறக்கிட்டேன் அண்ணி.” அவன் உடைந்துபோனான். “எங்களாலதான்… நாங்க மாட்டாம இருந்திருந்தா…”

“யாரு உன்ன எறக்கச் சொன்னது?” அண்ணி அதட்டினார். “வூட்ல அவரு படம்னு வேற இன்னா கீது? கல்யாணத்துல புட்ச்சது செல்லரிச்சிப் போச்சி. தலமாட்டுல வைக்க ஒரு படம் வோணாமா? போய் எடுத்தா.”

செல்வராஜ் ஓடினான். அண்ணி எங்களையெல்லாம் பொதுவாகப் பார்த்துச் சொன்னார், அழுகையில்லாத குரல்.

“பயந்துகினேதான் இருந்தாரு. எனக்குத் தெரியாதா? படுத்தா நெஞ்சத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவாரு. ஆனா காலைல தலய சீவிகினுதான் வெளிய போனாரு. கட்டின நாள்லேர்ந்து சீப்பு எங்க கீதுன்னே தெரியாத மனுசன். இன்னாயா புதுசான்னு கேட்டா, ‘சுவத்துல கீறவன் தல கலஞ்சி கீறான், நானாவது ஒழுங்கா இருக்க வேணாமா’ன்றாரு.”

மரியதாஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

காரியம் முடிந்து படத்தைத் திரும்பக் கேட்கப் போனோம். அண்ணி தரவில்லை. “இருந்தப்ப ஊருக்குக் குடுத்தேன். இப்ப எனக்கு வோணும்” என்று உள்ளே போய்விட்டார். ஆக, உயிரோடு சுவர் ஏறிய ஒரே மனிதர், செத்த பிறகு சுவரில் இல்லாத ஒரே மனிதராகவும் ஆகிவிட்டார். மேற்குச் சுவரில் வெறும் ஆணி நிற்கிறது. அடுத்து யார் என்று கமிட்டி யோசிப்பதாகக் காதில் விழுந்ததும் மரியதாஸ் குன்றத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வந்தார். என் மனைவியும் ஒருநாள் சாதாரணமாகக் கேட்பதுபோல், “உங்கள ஒண்ணும் கேக்கலியே?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப சரி” என்று நிம்மதியாகச் சாதம் போட்டாள்.

என்னைக் கேட்டால், இருக்கும்போதே மாட்டத்தான் வேண்டும் என்பேன். பயந்துகொண்டேதான் சொல்வேன்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வார்த்தை. பந்து நம் பக்கம் உயரமாகக் கிளம்பிவிட்டால், அண்ணன் அதிலிருந்து கண்ணை எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல், என்னிடம் கேட்பார்: “இருக்கியாடா?” நான் இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கேட்பார். “இருக்கேண்ணே” என்ற பிறகுதான் எகிறுவார்.

இப்போது சாயங்காலம் டீக்கடைக்குப் போனால், பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் மரியதாஸிடம் அதைக் கேட்கிறேன்.

“இருக்கியா மரியதாசு?”

“வாயக் கழுவுடா ஓட்ட” என்கிறார் அவர். ஒரு மடக்கு டீ குடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, “இருக்கேன், இருக்கேன். நீ?” என்கிறார்.